இறைச்சி ஊறிய உப்புநீரைக் கொட்டும் முறை: ஐந்து தடவை செய்து பார்த்ததன் பதிவு

முழுக்கோழியை உப்புநீரில் ஓர் இரவு ஊறவைத்து மறுநாள் ஓவனில் சுட்டெடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் தொடங்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. எவ்வளவு உப்பு, எத்தனை மணி நேரம், எந்தப் பாத்திரம் என்பதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். கோழியை வெளியே எடுத்த பின் பாத்திரத்தில் மிஞ்சி நிற்கும் 4 லிட்டர் கலங்கல் நீரை என்ன செய்வது என்பதை மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை; அது ஒரு கேள்வியாகவே எனக்குத் தோன்றவில்லை. அந்த நீரைச் சமையலறையில் எங்கும் சிந்தாமல், குழாயை அடைக்காமல், மண்ணைக் கெடுக்காமல் அப்புறப்படுத்தும் ஒரு வழி கைக்கு வர ஐந்து தடவை ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் என்ன செய்தேன், எது தவறியது, எதை மாற்றினேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் பின்பற்றும் அளவு எளியது. லிட்டருக்கு 60 கிராம் வீதம் 4 லிட்டர் தண்ணீருக்கு 240 கிராம் உப்பு. அதனுடன் நசுக்கிய பூண்டு, ஒரு கைப்பிடி மிளகு, இரண்டு மூன்று பிரிஞ்சி இலைகள். கடல்நீரிலேயே லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புதான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கரைசலின் கடுமை விளங்கும். இந்தச் செறிவில் உப்பு மெல்ல மெல்ல இறைச்சிக்குள் இறங்கி, தசைப் புரதங்களை உப்பச் செய்து, நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அவற்றின் திறனைக் கூட்டுகிறது. முதல் தடவை ஊறுவதற்கு முன் 1,850 கிராம் இருந்த கோழி, 12 மணி நேரம் கழித்து 1,960 கிராம் இருந்தது. ஊறவைப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் இந்த எடையேற்றத்தைத்தான் பேசுகிறார்கள். உப்பு உள்ளே போகும் அதே வழியில் இறைச்சிச் சாறு வெளியே வருகிறது என்பதைப் பேசுவோர் குறைவு. காலையில் மூடியைத் திறந்தபோது, முந்தைய இரவு கண்ணாடிபோல் இருந்த நீர் இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தது. மேலே மெல்லிய நுரை படர்ந்திருந்தது. பாத்திரத்தின் விளிம்பை ஒட்டி வெண்ணிறக் கொழுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடியில் மிளகும் பூண்டும் இறைச்சியின் பிசிறுகளும் கிடந்தன.

அன்று நான் செய்த முதல் பிழை, அந்தப் பாத்திரத்தை அப்படியே மேடையின் ஓரத்தில் நகர்த்திவைத்துவிட்டுச் சமையலில் இறங்கியது. அவ்வளவு உப்பு இருக்கும்போது எந்தக் கிருமி பிழைக்கும் என்பது என் எண்ணம். மாலையில் பார்த்தபோது அதிலிருந்து வந்த வாடையே அந்த எண்ணம் தவறு என்று சொல்லிவிட்டது. பின்னர் இதைச் சற்று விரிவாகப் படித்தபோதுதான் நிலைமை புரிந்தது. 6 சதவீத உப்பு பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லாவைக் கொன்றுவிடுவதில்லை. கேம்பைலோபாக்டர் அந்த உப்பில் பெருகாது என்றாலும், குளிரில் ஒரே இரவில் முழுவதுமாக அழிந்துவிடுவதும் இல்லை. லிஸ்டீரியாவோ 10 சதவீத உப்பையும் தாங்கி வளரக்கூடியது. குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும்கூட மெதுவாகப் பெருகும் இயல்புடையது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமிக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. மற்றக் கிருமிகள் தயங்கும் உப்புச் செறிவில், அறை வெப்பநிலையில் அது தாராளமாக வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் எளிதில் அழிவதில்லை. ஆகையால் ஊறிய உப்புநீரை "உப்புத் தண்ணீர்" என்று நினைப்பதை அன்றோடு விட்டேன். அது 4 லிட்டர் அளவுக்குப் பெருகிய பச்சை இறைச்சிச் சாறு. பச்சை இறைச்சிக்குக் காட்டும் எச்சரிக்கை முழுவதும் அதற்கும் உரியது. 4 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாத குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் வரை அது அங்கேயே இருக்கலாம். வெளியே எடுத்த பின் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் கிடையாது. கோடை வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நான் இப்போது அந்த அவகாசத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. கோழி வெளியே வந்த சில நிமிடங்களில் நீரும் வெளியேறிவிட வேண்டும் என்பது என் விதி.

அந்த முதல் நாளின் இரண்டாவது பிழை, கொட்டிய விதம். பாத்திரத்தை இரண்டு கைகளாலும் தூக்கி, சிங்க்கின் விளிம்புக்கு மேலிருந்து ஒரே மூச்சில் கவிழ்த்தேன். நீர் தொட்டியின் அடித்தகட்டில் மோதி, எதிர்ச் சுவரில் ஏறித் திரும்பியது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களின் மேல் துளிகள் தெறித்திருந்ததை நான் உடனே கவனிக்கவில்லை; டம்ளரின் வெளிப்புறத்தில் ஒரு பூண்டுத் தோல் ஒட்டியிருந்ததைக் கண்ட பிறகே உணர்ந்தேன். டம்ளர்கள், தட்டுகள், கரண்டிகள் அனைத்தையும் மீண்டும் கழுவினேன். இரண்டு நாள் கழித்து சிங்க்கிலிருந்து நீர் இறங்குவது மந்தமாயிற்று. கீழே உள்ள வளைகுழாயைக் கழற்றிப் பார்த்தபோது, உறைந்த கோழிக் கொழுப்புக்குள் மிளகுகள் பதிந்து ஒரு கட்டியாக நின்றிருந்தன. அந்தக் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான், இந்த வேலையை முறையாகச் செய்வதற்கு ஒரு வழியை வகுத்தே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பீட்ரூட் சாறு வைத்துப் பார்த்த சோதனை

தெறிக்கும் துளிகளின் தொல்லையே அவை கண்ணில் படாமல் இருப்பதுதான். எனவே இரண்டாவது தடவைக்கு முன், கோழி எதுவும் இல்லாமல், வெறும் உப்புநீரில் பீட்ரூட் சாற்றைக் கலந்து அடர்சிவப்பாக்கிக்கொண்டேன். சிங்க்கைச் சுற்றியுள்ள மேடையிலும், பின்சுவரில் ஒரு முழ உயரம் வரையிலும், கீழே தரையிலும் வெள்ளைத் தாள்களை ஒட்டினேன். பிறகு முதல் நாள் செய்தது போலவே விளிம்புக்கு மேலிருந்து கொட்டிப் பார்த்தேன்.

பெரிய துளிகள் தொட்டிக்குள்ளேயே விழுந்திருந்தன. ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகளோ மேடையில் ஒரு முழத்துக்கும் அப்பால் வரை சிதறிக் கிடந்தன. காய்ந்த பாத்திரங்களை அடுக்கும் இடம் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருந்தது. நான் நின்ற இடத்தில் தரைத்தாளில் ஏழெட்டுப் புள்ளிகள் இருந்தன. அவ்வளவு துளிகள் என் உடையிலும் பட்டிருக்க வேண்டும். அடுத்து, பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டியின் பக்கச் சுவரில் சாய்த்துப் பிடித்து மெதுவாக வழியவிட்டேன். புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் பாத்திரம் பாதி காலியாகும் நேரத்தில் உள்ளே இருந்த நீர் அலையடித்து ஒரே வீச்சாக வெளியே பாய்ந்தது. அந்த ஒரு வீச்சு மறுபடியும் தாளை நனைத்தது. 4 லிட்டர் நீரும் பாத்திரமும் சேர்ந்து ஐந்து கிலோவுக்கு மேல் கனக்கும். அந்தக் கனத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஒரே சீராகச் சாய்ப்பது எளிதன்று. குழாயை முழு வேகத்தில் திறந்துவிட்டுக்கொண்டே ஊற்றினால் நல்லது என்று ஒரு யோசனை இருந்தது. அதையும் செய்து பார்த்தேன். தாள்களில் மிக அதிகமான புள்ளிகள் விழுந்தது அந்தத் தடவைதான். வேகமாக விழும் நீர், கொட்டும் நீரை உடைத்துச் சிதறடிக்கிறது. பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருளும் அந்தத் தாள்களைப் பார்த்தபோது எனக்குத் தெளிவாயிற்று.

இந்தச் சோதனையை யாரும் அரை மணி நேரத்தில் செய்து பார்த்துவிடலாம். எத்தனை அறிவுரை கேட்டாலும், தன் வீட்டு மேடையில் அந்தச் சிவப்புப் புள்ளிகளை ஒருமுறை பார்த்ததற்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

தோட்டத்தில் ஊற்றியதும் கொதிக்கவைத்ததும்

இரண்டாவது தடவை உண்மையான உப்புநீர் கையில் இருந்தபோது, சிங்க்கின் மேல் எனக்கு நம்பிக்கை போயிருந்தது. வீட்டின் பின்புறம் சுவரோரமாகக் களை மண்டிய ஒரு துண்டு நிலம் உண்டு. அங்கே ஊற்றினால் களையும் சாகும், நீரும் ஒழியும் என்று எண்ணி ஊற்றினேன். களை செத்தது உண்மை. ஆனால் அதன் பிறகு பல மாதங்களுக்கு அங்கே புல்கூட முளைக்கவில்லை. மழை பெய்து காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல் இறுகியது. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் நுண்துகள்களைப் பிரித்துச் சிதறச் செய்து, அவற்றுக்கு இடையே இருந்த காற்றுவழிகளை அடைத்துவிடுகிறது. நீரும் இறங்காது, வேரும் இறங்காது. அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. ஊற்றிய அன்று மாலையே இரண்டு பூனைகள் வந்து அந்த மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. இறைச்சி வாடை அவற்றை இழுத்திருக்கிறது. இவ்வளவு உப்பு பூனைக்கும் நாய்க்கும் பெருங்கேடு. நீரில் ஊறிய பூண்டு அவற்றின் இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடியது. அவற்றை விரட்டிவிட்டு, அந்த மண்ணின் மேல் பலகையைப் போட்டு மூடினேன்.

நன்றாக நீர் கலந்து ஊற்றினால் செடிக்குக் கேடில்லையே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாசன நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு அது கடுமையான இடையூறு என்று உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. அரை கிராமுக்குக் கீழே இருந்தால்தான் கவலையின்றிப் பாய்ச்சலாம். கோழி எடுத்துக்கொண்டது போக என் பாத்திரத்தில் லிட்டருக்கு 55 கிராம் மிஞ்சியதாக வைத்துக்கொண்டால், கடுமையான எல்லைக்குக் கீழே கொண்டுவருவதற்கே அந்த 4 லிட்டரை 110 லிட்டர் ஆக்க வேண்டும். கவலையற்ற எல்லைக்கு 440 லிட்டருக்கு மேல் ஆக்க வேண்டும். அவ்வளவு நல்ல நீரைச் செலவழித்த பிறகும் அதிலுள்ள கிருமிகள் மண்ணில்தான் போய்ச் சேரும். மட்கு குழிக்கும் இதே பதில்தான்: உப்பு, மட்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் புழுக்களையும் ஒடுக்கும், இறைச்சிச் சாறு எலியை அழைக்கும். தெருவோர மழைநீர் வடிகாலில் கொட்டுவது எக்காரணம் கொண்டும் கூடாது. மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் எந்தச் சுத்திகரிப்பும் இன்றி நேரே ஓடைக்கோ குளத்துக்கோ போகின்றன.

கழிவுநீர்க் குழாயே இதற்கு உரிய இடம் என்று இதன் பிறகு முடிவு செய்தேன். அதிலும் ஒரு தயக்கம் இருந்தது: எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் உள்ளது, 240 கிராம் உப்பு அதிலுள்ள நுண்ணுயிர்களை என்ன செய்யும்? ஒருவர் உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பை உட்கொள்கிறார். அதில் பெரும்பகுதி சிறுநீர் வழியாக அதே தொட்டிக்குத்தான் போகிறது. நால்வர் உள்ள வீட்டில் அது நாளுக்கு 40 கிராம். ஆக, ஒரு தடவை ஊறிய நீர் அந்த வீட்டின் ஆறு நாள் உப்புக்குச் சமம். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, வீட்டின் மற்றக் கழிவுநீரோடு கலந்து போகும்போது இது தாங்கக்கூடிய அளவே. வாரந்தோறும் இருபது லிட்டர் கொட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பொதுச் சாக்கடை இணைப்பு இருந்தாலும் உப்பைக் குறைப்பது நல்லதே. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பதில்லை, அது அப்படியே ஆற்றைச் சேர்கிறது.

மூன்றாவது தடவை, கிருமியைக் கொன்றுவிட்டுக் கொட்டலாம் என்று நீரைக் கொதிக்கவைத்துப் பார்த்தேன். கொதி வருவதற்கு முன்பே சாற்றிலுள்ள புரதம் திரிந்து சாம்பல் நிற நுரையாகக் கிளம்பியது. நான் கரண்டியை எடுப்பதற்குள் பொங்கி அடுப்பில் வழிந்தது. உப்பும் புரதமும் சேர்ந்து பர்னரின் மேல் கருகிப் பிடித்துக்கொண்டதைச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கொதித்த நீரை ஆறவைக்க இன்னும் நேரம். ஆறாமல் ஊற்றினால் இளகிய கொழுப்பு குழாயில் சற்றுத் தள்ளிப்போய் உறையும். கழிவுநீரில் போகப்போகும் ஒன்றுக்கு இந்த உழைப்பு தேவையே இல்லை. கொதிக்கவைத்து அடுத்த கோழிக்கு மீண்டும் பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். உப்பின் அளவு இறங்கியிருக்கும், எவ்வளவு இறங்கியது என்று தெரியாது, ஸ்டெஃபைலோகாக்கஸ் நஞ்சு உருவாகியிருந்தால் கொதியில் போகாது. ஒரு கோழி ஊறிய நீரில் இன்னொரு கோழியைப் போடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

இங்கேயே ஓர் எச்சரிக்கையையும் எழுதிவிடுகிறேன். கொதிக்கவைப்பதற்குப் பதிலாக, பாத்திரத்திலேயே பிளீச் திரவத்தை ஊற்றிவிடலாம் என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. அந்தத் தடவை நான் உப்புநீரில் எலுமிச்சைச் சாறு சேர்த்திருந்தேன். பிளீச்சுடன் எலுமிச்சையோ வினிகரோ வேறு எந்தப் புளிப்புப் பொருளோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது நுரையீரலைத் தாக்கும். புளிப்பு இல்லாவிட்டாலும் பயனில்லை: நீரில் மிதக்கும் புரதமும் கொழுப்பும் பிளீச்சின் வீரியத்தை உடனே தின்றுவிடும். பிளீச்சுக்கு இந்த வேலையில் இடம் உண்டு. அது கடைசியில், கழுவித் துடைத்த பரப்பின் மேல் மட்டுமே.

குழாய் வைத்து இறக்கியது

நான்காவது தடவைக்குத்தான் சைஃபன் முறையை, அதாவது உயரத்திலுள்ள நீரை நீர் நிறைந்த வளைந்த குழாய் வழியே தாழ்வான இடத்துக்குத் தானாக இறங்கவிடும் முறையைக் கொண்டுவந்தேன். மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய வேலை. உள்விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள, ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி, இதற்கு மட்டும் என்று ஒதுக்கி, ஒரு முனையில் சிவப்பு நாடா சுற்றினேன். சிவப்பு முனை எப்போதும் வடிகால் துளைக்குள் போகும், மறுமுனை பாத்திரத்துக்குள். முனைகள் மாறக் கூடாது என்பதற்காகத்தான் நாடா.

தொடங்குவதற்கு முன் சிங்க்கையும் அதைச் சுற்றி ஒரு முழத்தையும் காலி செய்தேன்: டம்ளர்கள், ஸ்பாஞ்ச், சோப்புக் கிண்ணம், கைத்துண்டு எல்லாம் வேறு இடத்துக்குப் போயின. வடிகால் துளையின் மேலிருந்த சல்லடையை எடுத்துவிட்டேன். கோழியை ஒரு தட்டுக்கு மாற்றி அப்பால் வைத்தேன். பாத்திரத்தை சிங்க்கை ஒட்டி மேடையில் நிறுத்தினேன். அதைத் தூக்கவோ சாய்க்கவோ தேவையில்லாமல் போனதே பெரிய நிம்மதி. பிறகு, குழாயைச் சுத்தமான தண்ணீரால் முழுவதும் நிரப்பி, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் அடைத்துக்கொண்டேன். சைஃபனைத் தொடங்க வாயால் உறிஞ்சும் பழக்கம் பலரிடம் உண்டு; பச்சைக் கோழிச் சாற்றில் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது. குழாய் நிறைய நீர் இருந்தாலே போதும். ஒரு முனையை உப்புநீருக்குள் அமிழ்த்தி விரலை எடுத்தேன். சிவப்பு முனையை வடிகால் துளைக்குள் நான்கு விரற்கடை ஆழம் இறக்கி, அதன் பிறகு விரலை எடுத்தேன். ஒளி ஊடுருவும் குழாயில் இளஞ்சிவப்பு நீர் மேலேறி, வளைந்து, கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. தொட்டியின் அடித்தகட்டில் ஒரு துளிகூட விழவில்லை.

ஒன்றரை நிமிடத்தில் பாத்திரம் ஏறத்தாழக் காலியாகியிருக்க வேண்டும். ஆனால் பாதியில் ஓட்டம் நின்றது. ஒரு மிளகும் பூண்டுத் துண்டும் குழாயின் வாயில் சிக்கியிருந்தன. கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அப்படிச் செய்தபோது காற்று புகுந்து சைஃபன் அறுந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். அதற்குப் பின் மிளகு, பூண்டு, இலை எல்லாவற்றையும் ஒரு மெல்லிய வடிதுணியில் முடிந்தே நீரில் போடுகிறேன். கோழி வெளியே வரும்போது முடிச்சும் வெளியே வந்துவிடும். அதைப் பிரிக்காமல் அப்படியே ஒரு பையில் கட்டி, குப்பை எடுக்கும் நாள் வரை உறைபெட்டியில் வைக்கிறேன். கழுவி மீண்டும் பயன்படுத்த நினைப்பதில்லை.

குழாய் அடிவரை உறிஞ்சாது. கடைசியில் ஒரு விரற்கடை ஆழத்துக்குச் சாறு மிஞ்சும். கொழுப்புத் துணுக்குகளும் இறைச்சிப் பிசிறும் அதில்தான் சேர்ந்திருக்கும். இப்போது பாத்திரம் இலேசாகிவிட்டதால் அதைத் தொட்டியின் அடிவரை இறக்க முடிகிறது. துளையின் மேல் சல்லடையைத் திரும்ப வைத்து, பாத்திரத்தின் விளிம்பு சல்லடையைத் தொடும்படி சாய்த்து வழியவிட்டால் தெறிப்பதற்கு உயரமே இல்லை. சல்லடையில் தங்கும் கொழுப்பைக் காகிதத் துண்டால் வழித்துக் குப்பையில் போட வேண்டும். சூடான நீரால் அதைக் கரைத்து அனுப்பினால் வளைகுழாயில் மறுபடியும் அதே மிளகுக் கட்டிதான்.

அடுத்தது கழுவுதல். இதில் வரிசைதான் முக்கியம். முதலில் குழாயைச் சிறிதளவே திறந்து, குளிர்ந்த நீரை இரண்டு நிமிடம் மெல்ல ஓடவிடுகிறேன்; உப்பு நீர்த்து வளைகுழாயைத் தாண்டிப் போவதற்கு இது வேண்டும். எவர்சில்வர் சிங்க்குக்கு உப்பு ஆகாது என்பதையும் இடையில் தெரிந்துகொண்டேன். முதல் தடவை சரியாக அலசாமல் விட்டதில் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறப் புள்ளிகள் விழுந்தன. உப்பிலுள்ள குளோரைடு எவர்சில்வரின் மேல் உள்ள காப்புப் படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். அவை தேய்த்தாலும் முழுவதும் போவதில்லை. அலுமினியப் பாத்திரத்தில் ஊறவைப்பதோ அதைவிட மோசம். பிறகு சோப்பும் வெந்நீரும் கொண்டு பாத்திரம், சிங்க், குழாய்த் திருகு, மேடை என்று தேய்த்து அலசுகிறேன். அதற்குப் பிறகே பிளீச்: மணம் சேர்க்காத பிளீச் திரவம் 15 மில்லிலிட்டரை 4 லிட்டர் தண்ணீரில் கலந்து, கழுவிய பரப்புகளின் மேல் தடவி, சில நிமிடங்கள் விட்டு, துடைக்காமல் தானாகக் காயவிடுகிறேன். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அழுக்கின் மேல் நேரடியாகப் பிளீச் தெளிப்பது வீண். சோப்பு அழுக்கை நீக்கிய பிறகுதான் அதற்கு வேலை செய்ய வழி கிடைக்கிறது. சைஃபன் குழாய்க்குள் சோப்பு நீரைச் செலுத்தி, பிறகு இந்தப் பிளீச் நீரால் நிரப்பி வைத்திருந்து, வடித்து, நிமிர்ந்த நிலையில் தொங்கவிடுகிறேன். உள்ளே ஈரம் தங்கினால் இரண்டு வாரத்தில் கருமை படர்கிறது. அப்படி ஒரு குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்க நேர்ந்தது.

கை கழுவுவதில் சிறிய விஷயம் ஒன்று. வேலை முடிந்ததும் அழுக்குக் கையாலேயே குழாய்த் திருகைத் திறக்கிறோம். கை கழுவிய பின் அதே திருகை மூடுகிறோம். அந்தத் திருகில் இருந்தது மறுபடியும் கைக்கு வருகிறது. எனவே தொடங்கும்போதே ஒரு குவளையில் சோப்பு நீரைத் தயாராக வைத்து, கையை முதலில் அதில் நனைத்துத் தேய்த்துவிட்டு, முழங்கையால் திருகைத் தள்ளித் திறந்து, 20 விநாடி தேய்த்துக் கழுவுகிறேன்.

நீரைக் குறைத்தது

நான்காவது தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தபோதும் ஒன்று உறுத்தியது. கோழியைப் பாத்திரத்திலிருந்து தட்டுக்கு மாற்றும் அந்த ஒரு முழத் தூரத்தில், வயிற்றறையில் தேங்கியிருந்த நீர் மேடையிலும் தரையிலும் கொட்டியது. நீரை அவ்வளவு பத்திரமாக இறக்கிய பிறகு கோழியே அதைச் சிந்தியது. கோழி நகர்ந்து நீர் பாத்திரத்தில் நிற்பதற்கு மாறாக, கோழி இருக்குமிடத்தில் இருக்க நீர் மட்டும் வெளியேறினால் என்ன என்று தோன்றியது.

ஐந்தாவது தடவை பாத்திரத்தை விட்டுவிட்டு, உணவுக்கென்று விற்கும் தடித்த பிளாஸ்டிக் பையை எடுத்தேன். கோழியைப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, நீர் உடலோடு ஒட்டி நிற்கும்படி கட்டினால் 2 லிட்டரே போதுமானதாக இருந்தது. உப்பும் 120 கிராமாகக் குறைந்தது. பை கசிந்தால் தாங்குவதற்கு அதை ஓர் ஆழமான தட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டியின் கடைசித் தட்டில், மற்ற உணவுகளுக்குக் கீழே வைத்தேன்.

காலையில் சிங்க்கைக் காலி செய்து, பையைத் தட்டோடு கொண்டுவந்து, அதன் அடிமுனை ஒன்று வடிகால் துளைக்குள் இறங்கும்படி தொட்டியில் நிறுத்தினேன். இடக்கையால் பையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வலக்கையில் இருந்த கத்தரிக்கோலால் அந்த முனையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெட்டினேன். நீர் ஒரு நூல்போலத் துளைக்குள் இறங்கியது. கழுத்தைச் சற்றுத் தளர்த்தியதும் காற்று புகுந்து வேகம் கூடியது, இறுக்கியதும் குறைந்தது. கோழியை லேசாகச் சாய்த்து வயிற்றறையையும் வடியவிட்டேன். முழுவதும் வடிய மூன்று நிமிடம் ஆயிற்று. சுற்றி ஒட்டியிருந்த வெள்ளைத் தாள்களில், பீட்ரூட் சாறு கலந்திருந்த அந்த நீரின் புள்ளி ஒன்றும் இல்லை. கோழித்தோல் மட்டும் மெல்லிய ரோஜா நிறத்தில் இருந்தது.

பையை மேலிருந்து கீழாகக் கிழித்து, அதை விரிப்பாகவே வைத்துக்கொண்டு, கோழியின் உள்ளும் புறமும் காகிதத் துண்டுகளால் ஒற்றினேன். இந்தச் செறிவில் ஊறிய கோழியை மறுபடி அலச வேண்டியதில்லை. ஒற்றினால் போதும், தோலும் நன்றாகக் காய்ந்து சுடும்போது மொறுமொறுப்பாகிறது. ஈரக் காகிதங்கள், மிளகு முடிச்சு, கிழிந்த பை மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி இன்னொரு பையில் கட்டி, அப்போதே வெளியே குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். கத்தரிக்கோலைத் திருகைக் கழற்றி இரண்டாகப் பிரித்துக் கழுவினேன்; அலகுகள் சேருமிடத்தில் ஒரு சிறு கொழுப்புத் துணுக்கு சிக்கியிருந்தது.